ஒரே ரோட்டுல ரெண்டு மியூசியம்: ஃபிலடெல்ஃபியாவுல செத்தவங்க பேச்சு எவ்வளவு தூரம் செல்லுபடி ஆகுது?

ஃபிலடெல்ஃபியா சிட்டி ஹால்கிட்ட இருந்து வடமேற்கா கோணலா ஒரு அகலமான ரோடு போகும், பென்ஜமின் ஃபிராங்க்ளின் பார்க்வேன்னு பேரு. அது முடியுற இடத்துல மேட்டு மேல கிரேக்கக் கோயில் கணக்கா ஒண்ணு உக்காந்திருக்கும், அதான் ஃபிலடெல்ஃபியா மியூசியம் ஆஃப் ஆர்ட். 1976ல வந்த பாக்ஸிங் படத்துல ஹீரோ ஓடி ஏறி கையத் தூக்குவாரே, அந்த 72 படி இதோட படிதான். வர்ற கூட்டத்துல ஒரு பங்கு அந்தப் படில போட்டோ எடுத்துட்டு உள்ளயே போகாம கிளம்பிரும், அது வேற விஷயம். அங்கேருந்து அதே ரோட்டுல திரும்பி நடந்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல வெளிர் கலர் கல்லு போட்ட, தட்டையான, முன்னாடி தண்ணித் தொட்டி வச்ச ஒரு கட்டடம் வரும், அது பார்ன்ஸ் ஃபவுண்டேஷன். ரெண்டுலயும் செசான் வரைஞ்ச ஓவியம் இருக்கு, ரெண்டுலயும் ரெனுவார் மத்தீஸ் பிக்காசோ ஓவியம் எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணுல ரெண்டு மணி நேரம் இருந்துட்டு அடுத்ததுக்குள்ள போனா ஒரே ஊரா, ஒரே காலத்து படமான்னு சந்தேகமே வந்துரும்.

"எது பெஸ்ட்"னு ஸ்டார் போடுறதுக்கு இந்த ரெண்டையும் எடுத்துக்கல. என் கேள்வி இதுதான்: ஒருத்தர் தான் சேர்த்த ஓவியத்தை எல்லாம் இப்படித்தான் மாட்டணும், இங்கதான் வைக்கணும்னு எழுதி வச்சுட்டு செத்துப்போனா, உயிரோட இருக்குறவங்க அதை எவ்வளவு காலம் கேக்கணும்? இந்தக் கேள்விக்கு கோர்ட்டுல, கட்டடத்துல, சுவத்துல எல்லாம் பதில் தேடின ஊருன்னா அது ஃபிலடெல்ஃபியாதான்.

முதல்ல பெரிய வீடு

பெரிய மியூசியம் ஆரம்பிச்சது 1876ல, அமெரிக்காவோட நூறாவது வருஷக் கண்காட்சியை ஒட்டி. முதல்ல ஃபேர்மவுண்ட் பார்க்ல மெமோரியல் ஹால்ங்கிற கட்டடத்துல இருந்துச்சு, இப்ப இருக்குற மேட்டுக் கட்டடம் திறந்தது 1928ல. டிசைன் பண்ணது ஹொரேஸ் ட்ரம்பாவர் ஆபீஸும் இன்னொரு கம்பெனியும் சேர்ந்து. ட்ரம்பாவர்கிட்ட தலைமை டிசைனரா இருந்த ஜூலியன் ஏபல் ஒரு கறுப்பின ஆர்க்கிடெக்ட், அவர் பேரு ரொம்ப வருஷம் கழிச்சுதான் வெளிய பேசப்பட்டுச்சு.

கட்டடம் திறந்தப்போ உள்ள பெரும்பகுதி முடியாமதான் கிடந்துச்சு. 1925ல இருந்து 1955 வரைக்கும் டைரக்டரா இருந்த ஃபிஸ்க் கிம்பால் அந்தக் காலி இடத்தை ஒரு ஐடியாவோட ரொப்பினார்: ஆளு நடந்துகிட்டே காலத்துக்குள்ள போகணும். அதனால படம் மட்டும் வாங்காம ரூம் ரூமாவே வாங்கினாங்க. ஃபிரான்ஸ்ல இருந்து மடாலத்து முற்றம், லண்டன்ல ஒரு பிரபு வீட்டு டிராயிங் ரூம், பெய்ஜிங்ல சிஹுவா கோயில்ல இருந்து செதுக்கின மரக்கூரை, ஜப்பான்ல இருந்து டீ வீடு. கூடவே மதுரைல இருந்து ஒரு கல் மண்டபம், அதுக்கு அப்புறமா வர்றேன், அது தனியா பேச வேண்டிய சமாச்சாரம்.

இப்ப ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்கும் மேல பொருள் இருக்கு அங்க. இவ்வளவும் எப்படி வந்துச்சுன்னா, பணக்காரங்க குடுத்ததுதான் பாதிக்கு மேல, குடுத்தவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கண்டிஷன் போட்டாங்க. இந்த இடத்துலதான் ஜான்சன் வர்றார்.

ஜான் ஜி. ஜான்சன் அந்த ஊர்ல பெரிய கம்பெனிகளுக்கு வாதாடின வக்கீல். 1917ல இறந்தப்போ ஆயிரத்து இருநூறுக்கும் மேல ஓவியம் சேர்த்து வச்சிருந்தார். யான் வான் ஐக், ரோகியர் வான் டெர் வைடன், பாட்டிசெல்லின்னு எல்லாம் ஐரோப்பாவோட தலைசிறந்த பழைய ஆளுங்க. எல்லாத்தையும் ஊருக்கே எழுதிவச்சார், ஆனா தெற்கு பிராட் ஸ்ட்ரீட்ல இருக்குற தன் வீட்டுலயேதான் இருக்கணும், தவிர்க்க முடியாத நிலைமை வந்தா ஒழிய வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு உயில்ல சொல்லியிருந்தார். வாழ்நாள் பூரா அடுத்தவங்க பத்திரத்துல ஓட்டை தேடின வக்கீலு எழுதின உயில் அது, பாத்துக்கோங்க. 1933ல அந்த வீட்டுக்கு தீ ஆபத்து இருக்குன்னு சொல்லி படத்தை எல்லாம் தூக்கிட்டு வந்து மேட்டு மியூசியத்துல வச்சுட்டாங்க. தற்காலிகமாத்தான்னு பேச்சு. போனது திரும்பவே இல்ல, வீட்டையும் பின்னாடி இடிச்சுட்டாங்க, ரொம்ப வருஷம் தனி ரூம்கள்ல ஜான்சன் கலெக்ஷன்னு ஒதுக்கி வச்சிருந்ததை அப்புறம் மியூசியத்தோட மத்த படங்களோடயே கலந்தும் மாட்டிட்டாங்க. இன்னிக்கு அந்த கேலரிக்குள்ள போறவனுக்கு இது ஒரு தனி மனுசனோட வீட்டுல தொங்கின படம்னு தோணவே தோணாது. சுவத்துல இருக்குற லேபிள்ல கடைசி வரில சின்ன எழுத்துல அவர் பேர் இருக்கும், அவ்ளோதான்.

இதெல்லாம் நடக்கும்போது அதே ஊர்ல உக்காந்து இன்னொருத்தர் பாத்துட்டு இருந்தார்.

பார்ன்ஸ் டாக்டர்

ஆல்பர்ட் பார்ன்ஸ், 1872ல பிறந்தவர், ஃபிலடெல்ஃபியாவோட தொழிலாளி ஏரியாவுல ஏழைக் குடும்பம். டாக்டருக்குப் படிச்சார், ஆனா வைத்தியம் பாக்கல, மருந்து வித்தார். ஹெர்மன் ஹில்லேங்கிற ஜெர்மன் கெமிஸ்டோட சேர்ந்து ஆர்ஜிரால்னு வெள்ளி கலந்த ஒரு கிருமிநாசினியைக் கொண்டுவந்தார். பொறந்த குழந்தை கண்ணுல தொத்து வந்து பார்வை போகாம இருக்க அதைச் சொட்டு விடுவாங்க, ஆண்டிபயாடிக் வர்றதுக்கு முந்தின காலம், மருந்து பிச்சுக்கிட்டுப் போச்சு. கூட்டாளியை வெளிய அனுப்பிட்டு தானே நடத்தினார். 1929ல, பங்குச்சந்தை கவுந்து விழறதுக்குக் கொஞ்சம் மாசம் முன்ன, கம்பெனியை நல்ல விலைக்கு வித்துட்டார். எல்லாரும் திவாலாகி படத்தை விக்கும்போது இவர் கைல மட்டும் ரொக்கம்! அதிர்ஷ்டம்னு சொல்லுங்க, மூளைன்னு சொல்லுங்க.

1912ல பள்ளிக்கூட நண்பரும் ஓவியருமான வில்லியம் கிளாக்கன்ஸ்கிட்ட இருபதாயிரம் டாலரைக் குடுத்து பாரீஸுக்கு அனுப்பி படம் வாங்கிட்டு வரச் சொன்னார், அதுக்கப்புறம் தானே போய் வாங்க ஆரம்பிச்சார். கடைசில சேர்ந்தது ரெனுவார் 181, செசான் 69, மத்தீஸ் 59, பிக்காசோ 46. தப்பா படிக்கல நீங்க, ரெனுவார் நூத்தி எம்பத்தொண்ணு. (எனக்குக் கேட்டா அதுல நூறை யாருக்காவது குடுத்திருக்கலாம், அந்த ரோஸ் கலர் குண்டு உடம்புகளைப் பாத்துப் பாத்து ஒரு கட்டத்துல திகட்டிரும்.)

1923ல தன்கிட்ட இருந்த புது படங்களை ஊர்ல இருக்குற பென்சில்வேனியா அகாடமிங்கிற ஓவியப் பள்ளில கண்காட்சியா வச்சார். சூட்டின், மோடிலியானி எல்லாம் இருந்துச்சு. ஊர் பத்திரிகைக்காரங்க கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க, அசிங்கம், பைத்தியக்காரத்தனம்ங்கிற ரேஞ்சுல. அன்னிக்கு அவருக்கு விழுந்த காயம் சாகுற வரைக்கும் ஆறல. ஊர் பெரிய மனுஷங்க, மியூசியம் டைரக்டர், யூனிவர்சிட்டி புரொபசர், கலை விமர்சகர், யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழுவார். மேட்டு மியூசியத்தைப் பத்தி அவர் பொதுவுல சொன்னதை எல்லாம் இங்க எழுதினா நல்லா இருக்காது.

1922ல ஃபவுண்டேஷனை ஆரம்பிச்சு, மெரியன்ங்கிற புறநகர்ல பால் கிரேய் வரைஞ்ச கட்டடத்துல 1925ல திறந்தார். இங்க கவனிக்கணும், அவர் ஆரம்பிச்சது மியூசியம் இல்ல, பள்ளிக்கூடம். தத்துவவாதி ஜான் டூயி அவருக்கு நெருங்கின நண்பர், கத்துக்கிறது அனுபவத்துல இருந்துதான் வரணும்ங்கிறது அவரோட கட்சி, பார்ன்ஸ் அதை ஓவியத்துக்கு மாத்தினார். ஃபாக்டரில வேலை செஞ்ச கறுப்பின, வெள்ளையினத் தொழிலாளிங்களுக்கு வேலை நேரத்துலயே வகுப்பு எடுத்தார். அதே ஆளு, பேர் பெத்தவங்க பாக்கணும்னு லெட்டர் போட்டா முடியாதுன்னு பதில் போடுவார், சில சமயம் தன் நாய் பேர்ல கையெழுத்துப் போட்டு. இங்கிலாந்து தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை 1941ல அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்ல வேலைக்கு எடுத்துட்டு ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள துரத்திட்டார், ரஸ்ஸல் கேஸ் போட்டு ஜெயிச்சார். இந்த மாதிரி ஆளுங்க நம்ம சொந்தத்துலயே ஒருத்தர் இருப்பார், நல்லது செய்வார் ஆனா கிட்ட நெருங்க முடியாது.

பத்திரத்துல என்ன இருந்துச்சு

எல்லாரும் உயில்னு சொல்றாங்க, சட்டப்படி அது ஒரு டிரஸ்ட் பத்திரம். சாரம் இது: நானும் என் மனைவியும் போனப்புறம் எந்தப் படத்தையும் விக்கக் கூடாது, கடன் குடுக்கக் கூடாது, சுவத்துல இருக்குற இடத்தை விட்டு நகத்தக் கூடாது, புதுசா வாங்கவும் கூடாது. இதோட ஒரு குசும்பு. டிரஸ்டிகளை நியமிக்கிற உரிமையை 1950ல திருத்தம் பண்ணி லிங்கன் யூனிவர்சிட்டிக்கு மாத்தினார். லிங்கன்ங்கிறது கறுப்பின மாணவர்களுக்காக ஆரம்பிச்ச சின்ன காலேஜ். அஞ்சுல நாலு டிரஸ்டியை அவங்க சொல்லலாம். ஊர் மேட்டுக்குடி கையில போயிரவே கூடாதுங்கிறதுதான் குறி. அடுத்த வருஷம் ஜூலைல ஸ்டாப் போர்டுல நிக்காம போய் லாரில அடிபட்டு இறந்துட்டார்.

அதுக்கப்புறம் பத்து வருஷம் வரைக்கும் பொதுஜனம் உள்ள போறதே குதிரைக்கொம்பு. வரிவிலக்கு வாங்குறீங்க, அப்ப ஜனங்களை உள்ள விடணும்ல அப்படின்னு அரசாங்கமும் பத்திரிகையும் கோர்ட்டுக்குப் போய், 1961லதான் வாரத்துல ரெண்டு நாள் ஆளை எண்ணி எண்ணி உள்ள விட்டாங்க.

காசு தீர்ந்த கதை

இதுதான் கேஸோட முதுகெலும்பு, அதனால கொஞ்சம் விலாவாரியா.

பார்ன்ஸ் விட்டுட்டுப் போன முதலீடு ஏறக்குறைய ஒரு கோடி டாலர். 1951ல அது மலை. ஆனா பாதுகாப்பான பாண்டுலதான் போடணும்ங்கிற மாதிரி பத்திரத்துலயே கையக் கட்டிட்டார், விலைவாசி ஏற ஏற அந்த மலை மேடாகி மேடு குழியாயிருச்சு. கட்டடம் ஒழுகுது, ஏசி கிடையாது. டிக்கெட் காசும் பெருசா வராது, ஏன்னா ஆளை எண்ணித்தான் விடணும். படத்தை விக்கவும் முடியாது. உலகத்துலயே விலை உயர்ந்த கலெக்ஷன்ல ஒண்ணு மேல உக்காந்துகிட்டு கரண்ட் பில்லுக்குக் கஷ்டப்பட்ட நிலைமை.

1990ல தலைவரா வந்த ரிச்சர்ட் கிளான்டன், லிங்கன் சைடு வக்கீல், முதல்ல சில படங்களை வித்துரலாம்னு கிளம்பினார், ஊரே எகிறுச்சு, பின்வாங்கினார். அப்புறம் கோர்ட்ல ஒரு தடவைக்கு மட்டும்னு அனுமதி வாங்கி 1993ல இருந்து 95 வரைக்கும் எம்பதுக்கும் மேற்பட்ட படங்களை வாஷிங்டன், பாரீஸ், டோக்கியோன்னு டூர் அனுப்பினார். எல்லா ஊர்லயும் கியூ. அந்த டூர்ல ஒரு ஸ்டாப் எது தெரியுமா? ஃபிலடெல்ஃபியா மேட்டு மியூசியம்! பார்ன்ஸ் வாழ்நாள் பூரா காறித் துப்பின அதே இடத்துல அவரோட செசான் தொங்குச்சு.

வந்த காசுல கட்டடத்தை ரிப்பேர் பண்ணாங்க. அதுக்கப்புறம் பார்க்கிங் தகராறு. மெரியன்ல ரெண்டு பக்கமும் பணக்கார வீடு, டூரிஸ்ட் பஸ் வருது, ஹாரன் அடிக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட், ஊராட்சி அதிகாரிங்க தடை போட, கறுப்பினத்தவங்க நடத்துறதால காட்டுற நிறவெறி இதுன்னு 1996ல ஃபவுண்டேஷன் அவங்க மேலயே ஃபெடரல் கேஸ் போட்டுச்சு. கு க்ளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை நிறவெறிக் கும்பலை ஒடுக்குறதுக்குன்னு கொண்டுவந்த பழைய சட்டத்தை எடுத்து, கார் நிறுத்துற பிரச்சனைக்கு! கேஸ் நிக்கல, வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். வேலிக்கு இந்தப் பக்கம் உன் மரம் எட்டிப் பாக்குதுன்னு ஆரம்பிச்சு ஹைகோர்ட் வரைக்கும் போன பங்காளித் தகராறு எத்தனை பாத்திருக்கோம், அதே ரகம்.

2002ல ஃபவுண்டேஷன் கோர்ட்டுக்குப் போய் கைய விரிச்சுது: எங்களால முடியல, படத்தை எல்லாம் நகரத்துக்குள்ள பார்க்வேக்கு மாத்த அனுமதி குடுங்க. பின்னாடி பியூ, லென்ஃபெஸ்ட், அன்னன்பெர்க்னு மூணு பெரிய அறக்கட்டளை, காசு திரட்டித் தர்றோம்னு நின்னாங்க. ஆனா இடம் மாறணும்ங்கிறது அதோட சேர்ந்தே வந்துச்சு. 2004 டிசம்பர்ல நீதிபதி ஸ்டான்லி ஆட் சரின்னுட்டார், டிரஸ்டி எண்ணிக்கை அஞ்சுல இருந்து பதினஞ்சு, லிங்கனுக்கு அதுல அஞ்சு. மெஜாரிட்டி போச்சு. முன்னாள் மாணவங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும் (ஆமா, பஸ் வேணாம்னு கத்தின அதே தெரு ஆளுங்கள்ல சிலர், இப்ப போகாதேன்னு) திரும்பத் திரும்பக் கேஸ் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல. 2012 மே மாசம் புது கட்டடம் திறந்தாச்சு.

இதுல ஒரு பக்கக் கதை. இடமாற்ற வேலை ஓடிட்டு இருந்த 2006லயே, ஊர்ல ஒரு மெடிக்கல் யூனிவர்சிட்டி தாமஸ் ஈகின்ஸ் வரைஞ்ச 'கிராஸ் கிளினிக்' படத்தை, 1875ல வரைஞ்சது, ஆபரேஷன் நடக்குற ரத்தக்களறி சீன், 68 மில்லியன் டாலருக்கு வெளியூருக்கு விக்கப் பாத்துச்சு. ஊரே கொதிச்சு, அது இந்த ஊரு சொத்து, வெளிய போகக் கூடாதுன்னு வசூல் பண்ணி, மேட்டு மியூசியமும் அகாடமியும் சேர்ந்து வாங்கி நிறுத்திட்டாங்க. ஒரு படம் இடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு கண்ணீர் விட்ட அதே ஊர், ஒரு கலெக்ஷனையே இடம் மாத்தினதுக்குக் கை தட்டுச்சு. எது நம்ம பக்கம் வருதோ அது நியாயம்.

உள்ள போனா என்ன நடக்குது

புது பார்ன்ஸைக் கட்டின டாட் வில்லியம்ஸ், பில்லி சியென் தம்பதிக்குக் கோர்ட்டு வச்ச கண்டிஷன், மெரியன்ல இருந்த ரூம்கள் அளவு மாறாம, மாட்டின வரிசை மாறாம அப்படியே வரணும். அதனால வெளிய பாத்தா மாடர்ன் கட்டடம், பெரிய லாபி, கஃபே, கடை எல்லாம் தாண்டி உள்ள ஒரு கதவைத் திறந்தா திடீர்னு 1920கள் வீடு. சுவர்ல மஞ்சள் கலந்த சாக்குத்துணி. லேபிள் கிடையாது. ஃபிரேம்ல பித்தளைத் தகட்டுல ஓவியர் பேர் மட்டும்.

சுவத்துல பார்ன்ஸ் எப்படி மாட்டியிருக்கார்னு பாக்கணும். நடுவுல ஒரு பெரிய படம், ரெண்டு பக்கமும் சைஸ் பாத்து ஜோடி ஜோடியா சின்ன படங்க, அதுக்கு நடுவுல இரும்புக் கீல், பழைய பூட்டு, சாவித் தட்டு, அகப்பை, கதவு கொக்கி. சுவத்துக்குக் கீழ பென்சில்வேனியா ஜெர்மன் விவசாயிங்க பெயின்ட் அடிச்ச மரப்பெட்டி, அது மேல மண்பானை. ஒரு கீலோட வளைவும் பக்கத்துல இருக்குற ரெனுவார் பொம்பளையோட இடுப்பு வளைவும் ஒண்ணா இருக்கும், ஒரு பானையோட சிவப்பு மேல இருக்குற படத்துல மூலைல வந்திருக்கும். காலம், நாடு எதுவும் கணக்கு இல்ல, கோடு, கலர், வெளிச்சம், இடம் இது நாலுதான் கணக்கு. யாரு வரைஞ்சது, எப்ப, அவருக்கு எத்தனை பொண்டாட்டி எல்லாம் மறந்துட்டு கண்ணால பாருங்குறார். முதல் அரை மணி நேரம் கிறுக்குத்தனமா தெரியும், நாலாவது ரூம்ல கண்ணு தானா கீலுக்கும் படத்துக்கும் ஓட ஆரம்பிச்சுரும், அப்ப புரியும் இவர் வாத்தியார்தான்னு.

ஆனா இதோட விலையும் அங்கேயே தெரியும். பெரிய ஹால்ல மேற்குச் சுவர், கீழ செசானோட சீட்டாடுறவங்க, அதுக்கு மேல சூராவோட 'மாடல்கள்'. சூரான்னா புள்ளி புள்ளியா வச்சு வரைஞ்சவர், ரெண்டு மீட்டர் உயரம், ரெண்டரை மீட்டர் அகலம் படம், ஸ்டூடியோல மூணு மாடலுங்க, பின்னாடி சுவத்துல சாஞ்சு நிக்குறது அவரோடயே 'கிராண்ட் ஜாட்' ஓவியம். பக்கத்துல போய் மூக்கை வச்சுப் பாக்க வேண்டிய ஒரு படம் உலகத்துல இருந்தா அது இதுதான், அதைத் தலைக்கு மேல மாட்டி வச்சிருக்கார், புள்ளியாவது ஒண்ணாவது. எந்தக் கியூரேட்டராலயும் (எதை எங்க வைக்கணும்னு பாத்துக்குற பொறுப்பாளர்) இதைக் கீழ இறக்க முடியாது. 2023ல கோர்ட்டு வரம்போட சில படங்களை வெளிய கடன் குடுக்க அனுமதிச்சிருக்கு, ஆனா நிரந்தரமா மாத்தி மாட்டுறதுக்கு இல்ல.

மேட்டு மியூசியத்துல நேர் எதிர். படத்துக்குப் படம் இடைவெளி, லேபிள், பெஞ்ச். ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா ரூம் மாறியிருக்கும், சிலது கிடங்குக்குப் போயிருக்கும். 2021ல ஃபிராங்க் கெரி டிசைன்ல உள்ளாரயே குடைஞ்சு புது கேலரி எல்லாம் திறந்தாங்க, அப்பவும் நிறைய இடம் மாறுச்சு.

ரெண்டையும் ஒரே ஓவியத்தை வச்சு ஒப்பிடலாம்னா அதுக்கும் வழி இருக்கு. செசான் கடைசிக் காலத்துல பெரிய சைஸ்ல குளிக்கிற பெண்களை மூணு கேன்வாஸ்ல வரைஞ்சார். ஒண்ணு லண்டன்ல, மிச்சம் ரெண்டும் இந்த ஒரே ரோட்டுல. பார்ன்ஸ் தன்னோடதை 1933ல வாங்கினார், மியூசியம் அதோடதை 1937ல வாங்குச்சு, என்னுதுதான் ஒசத்தி, உங்களுது மட்டம்னு அப்பவே பார்ன்ஸ் சண்டைக்கு வந்துட்டார். மியூசியத்துல இருக்குறது ரெண்டு மீட்டருக்கும் மேல உயரம், மரங்க ரெண்டு பக்கமும் சாஞ்சு கோபுர வளைவு மாதிரி நிக்கும், நடுவுல ஆறு, அக்கரைல குட்டியா ரெண்டு உருவம், பெயின்ட் ரொம்ப மெல்லிசு, பல இடத்துல வெறும் கேன்வாஸ் தெரியும், 1906ல அவர் சாகும்போது முடியாம நின்னது. பார்ன்ஸோடது உயரம் கம்மி, ஆள் கம்மி, ஆனா வருஷக்கணக்கா மேல மேல பூசிப் பூசி பெயின்ட் பொருக்கு தட்டியிருக்கும், முகமெல்லாம் கோடரியால வெட்டின மாதிரி. ஒண்ணுல காத்து இருக்கு, இன்னொண்ணுல எடை இருக்கு. நான் மியூசியத்தோடது பக்கம், ஆனா அதுல ஒரு பங்கு ஓவியத்தால, ஒரு பங்கு அதுக்குச் சுத்தி விட்டிருக்குற சுவத்தால. பார்ன்ஸ்ல இருக்குறதுக்கு மூச்சு விட இடமில்ல, கண்ணை எப்பவும் யாராவது இழுத்துட்டே இருக்காங்க.

மேட்டு மேலயும் ஆணி அடிச்சது உண்டு

பார்ன்ஸ் உறைஞ்சது, மியூசியம் ஓடுறதுன்னு சுலபமா முடிச்சுர முடியாது. ஆரென்ஸ்பெர்க் தம்பதி 1950ல தங்களோட நவீன ஓவியம், சிற்பம் எல்லாத்தையும் மேட்டு மியூசியத்துக்குக் குடுத்தாங்க, இருபத்தஞ்சு வருஷம் ஒண்ணாத்தான் காட்டணும்னு கண்டிஷன். காலக்கெடு போட்ட கண்டிஷன், கவனிங்க. அதோட வந்தது ஃபிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாமோட வேலைங்க. தனியா வந்த அவரோட 'பெரிய கண்ணாடி', கண்ணாடிப் பலகைல செஞ்சது, முன்னமே வண்டில போகும்போது விரிசல் விட்டது, அவரே ஒட்டி, விரிசலோட 1954ல வந்து இதே இடம்னு நிறுத்திட்டுப் போனார், இன்னும் அங்கேயே நிக்குது. அவர் இருபது வருஷம் யாருக்கும் தெரியாம செஞ்ச கடைசி வேலை, ஸ்பெயின்ல இருந்து கொண்டுவந்த பழைய மரக்கதவு, ரெண்டு ஓட்டை வழியா எட்டிப் பாக்கணும், அதையும் அவர் இறந்தப்புறம் 1969ல அவர் எழுதி வச்ச கையேட்டைப் பாத்து அசெம்பிள் பண்ணாங்க. அதை ஒரு அங்குலம் நகத்தினாலும் படைப்பே கெட்டுரும்.

அப்ப, வாங்கினவன் சொன்னா கேக்க மாட்டோம், படைச்சவன் சொன்னா கேப்போமா? ஜான்சனுக்கு ஒரு நியாயம், டுஷாமுக்கு ஒரு நியாயமா? எனக்கு இது ஓரளவு நியாயமாவே படுது. பார்ன்ஸ் விவகாரத்துல சிக்கலே, அவர் வாங்கினவர் மட்டும்தானா, இல்ல அந்தச் சுவர்களைப் படைச்சவரும் அவர்தானாங்கிறதுதான். சுவர்தான் படைப்புன்னா மெரியன்ல இருந்து பேத்து எடுத்தது தப்பு, ஆனா சுவத்தோட ஒழுங்கு மாறாம எடுத்தது சரி. கோர்ட்டு ஒரு வகையில இந்தக் குழப்பத்தையே தீர்ப்பா எழுதிருச்சு.

மதுரை மண்டபம்

இப்ப நம்ம ஊரு விஷயம். ஃபிலடெல்ஃபியாக்காரங்க அடலின் பெப்பர் கிப்சன்னு ஒரு அம்மா 1912ல மதுரைக்கு வந்தாங்க. மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்துல மேல மாசி வீதி மதனகோபால சுவாமி கோயில்ல கழட்டிக் குவிச்சுக் கிடந்த மண்டபக் கல்லுங்களை விலைக்கு வாங்கிட்டாங்க. அறுபதுக்கும் மேற்பட்ட கருங்கல் துண்டு, பதினாறாம் நூற்றாண்டு வேலை. கப்பல்ல போச்சு. கிப்சன் முதல் உலகப்போர்ல நர்ஸா தொண்டு செய்ய ஃபிரான்ஸ் போய் 1919ல அங்கேயே இறந்துட, குடும்பத்தார் அவங்க நினைவா மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க. 1940ல மேட்டுக் கட்டடத்துல மண்டபமா நிறுத்தினாங்க, 2016ல புதுப்பிச்சு வெளிச்சம் மாத்தி மறுபடி திறந்தாங்க. 1950கள்ல கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அங்க இந்தியக் கலைக்கு கியூரேட்டரா வந்தப்புறம் இந்தப் பிரிவுக்கே மவுசு கூடுச்சு.

உள்ள போனா வெளிநாட்டு மியூசியம்ங்கிறதே ஒரு நிமிஷம் மறந்துரும், கூட வர்ற ஊர்க்காரங்க பாதிப் பேர் செருப்பைப் பாத்துக்குவாங்க. தூண்ல அனுமார், கருடன், ஆள் உயரத்துக்கு. கை வச்சுத் தேச்சு வழவழன்னு ஆன இடமெல்லாம் தெரியுது. எண்ணெயும் துளசியும்தான் இல்ல.

ஆனா இந்தத் தூணுங்க மதுரைல எந்த வரிசைல நின்னுச்சுன்னு தெரிஞ்சு அடுக்கினது இல்ல. குவிஞ்சு கிடந்த கல்லைத்தான் வாங்கினாங்க, இப்ப நிக்குற மண்டபம் அங்க இருக்குறவங்க ஆராய்ஞ்சு, ஊகிச்சு, அந்த ஹாலுக்கு ஏத்த மாதிரி நிறுத்தினது. பத்து நிமிஷ நடைல, ஒரு மருந்து வியாபாரி 1951ல அகப்பையை எந்த ஆணில மாட்டினாரோ அதே அளவுல ஆணி அடிக்கணும்னு நூத்தம்பது மில்லியன் டாலர் செலவுல கட்டடம் கட்டியிருக்காங்க. இங்க நூத்துக்கணக்கான வருஷம் சாமி இருந்த மண்டபம், வரிசை கேக்க பத்திரமும் இல்ல, டிரஸ்டியும் இல்ல. கல்லு செதுக்கின சிற்பி எழுதி வச்சுட்டுப் போகல, கட்டளை குடுத்த நாயக்கர் கால ஆளுங்க பேரும் அமெரிக்க கோர்ட்டுல செல்லாது. யார் பேச்சு செல்லும்ங்கிறது பேசினவர்கிட்ட வக்கீல் இருந்தாரான்னு பாத்துத்தான். இதுக்காக அந்த மண்டபத்தை மோசமா வச்சிருக்காங்கன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல வெள்ளை அடிச்ச தூணுங்களைப் பாத்தவன் எவனும் சொல்ல மாட்டான். நல்லா வச்சிருக்காங்க. அது வேற கேள்வி.

என் கணக்கு, அப்புறம் போறவங்களுக்கு

பார்ன்ஸை மாத்தினது சட்டப்படி சரி, வார்த்தைப்படி துரோகம், பாக்குறவனுக்கு லாபம். முக்கியமா வெளிச்சம். மெரியன்ல இருட்டா, திரை போட்டு இருந்த ரூம்ல இப்ப மேலருந்து இயற்கை வெளிச்சம் வருது, அந்தப் பச்சையும் ஊதாவும் இப்பத்தான் பேசுது. மத்தீஸோட 'வாழ்வின் மகிழ்ச்சி' மெரியன்ல மாடிப்படித் திருப்பத்துல தொங்குச்சு, ஏறுற எறங்குற ஆளு இடிச்சுகிட்டே பாப்பாங்க, இங்க மாடில அதுக்குன்னு ஒரு மாடம் குடுத்துட்டாங்க. வரிசையை மீறின மாத்தம்தான், ஆனா இதுக்கு ஒருத்தரும் பெருசா அழல. லிங்கன் காலேஜ் கையில இருந்து பிடி போனதுதான் எனக்கு உறுத்துது. படம் எங்க தொங்கினா என்ன, யார் கையில சாவி இருக்கணும்னு பார்ன்ஸ் யோசிச்சு வச்சதுதான் அவர் செஞ்சதுலயே பெரிய காரியம், அதைத்தான் முதல்ல கழட்டினாங்க.

ரெண்டுக்கும் செவ்வாய் புதன் லீவு இருக்கும், கிளம்புறதுக்கு முன்ன ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. ஒரே நாள்ல ரெண்டும் வேணாம், கண்ணு வேலைநிறுத்தம் பண்ணிரும். முடியாதுன்னா காலைல பார்ன்ஸ், சாயங்காலம் மேடு, நடுவுல ரொடான் மியூசியம் இருக்கு, பார்ன்ஸோட பழைய கட்டடத்தை வரைஞ்ச பால் கிரேய் பங்கு போட்டதுதான் அதுவும், 1929ல திறந்தது, தோட்டம் நல்லா இருக்கும், கொஞ்ச நேரம் உக்காரலாம். மேட்டுல நேரம் கம்மின்னா மதுரை மண்டபம், டுஷாம் ரூம், செசான், இந்த மூணு போதும், வீரவாள் கவசம் எல்லாம் பசங்க கூட வந்தா பாத்துக்கலாம்.

பார்ன்ஸ்ல பெரிய ஹால்ல ஜன்னலுக்கு மேல வளைவுக்குள்ள மத்தீஸோட 'நடனம்' இருக்கும், 1933ல வந்து அவரே நின்னு மாட்டினது. முதல்ல அளவு தப்பாப்போய் ஒண்ணு வீணாகி, அது இப்ப பாரீஸ்ல ஒரு மியூசியத்துல இருக்கு, இது அதுக்கப்புறம் மறுபடி முதல்ல இருந்து வரைஞ்சது. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்கும், பாதி தெரியாது. மாடிக்குப் போங்க, ஹாலைப் பாத்த மாதிரி ஒரு திறப்பு இருக்கும், அங்கேருந்து அது கண்ணுக்கு நேரா வரும்.